வாக்குச்சாவடி வாசலில் ஒரு கேள்வி: எக்ஸிட் போல் பற்றி நாம் நம்புவதும் நடப்பதும்

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு முடிந்தது. விழுப்புரம் தொகுதிக்குள் வரும் கிளியனூர், மரக்காணம் வட்டாரத்திலும் அன்றே எல்லோர் விரலிலும் மை ஏறிவிட்டது. எக்ஸிட் போல் எண்கள் டிவியில் வந்ததோ ஜூன் 1 மாலை ஆறரை மணிக்குப் பிறகு. நடுவில் 43 நாள்.

இப்படி ஓர் இடைவெளி கிடைத்தால் வதந்திக்குக் கொண்டாட்டம். "உளவுத்துறை ரிப்போர்ட்" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். "எக்ஸிட் போல் லீக் ஆயிடுச்சு" என்று இன்னொன்று வரும். டீக்கடையில் பைக்கைப் பந்தயம் கட்டுவார்கள், மொட்டை அடிப்பதாகச் சவால் விடுவார்கள். அன்றாடக் கூலி வாங்குகிறவர் தன் பணத்தை இதில் இறக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். எக்ஸிட் போல் என்றால் என்ன, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லவே முடியாது என்பது தெரிந்தால் பாதிப் பந்தயம் நின்றுவிடும்.

"மிஷினைப் பாத்துட்டுத்தான் சொல்றாங்க"

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியது. ஓட்டுப்பதிவு முடிந்த அன்றே டிவிக்காரர்கள் இத்தனை துல்லியமாக எண் சொல்கிறார்களே, உள்ளே யாரோ எண்ணிப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நடப்பது அது இல்லை. ஓட்டு மிஷின் முகவர்கள் முன்னிலையில் சீல் வைக்கப்பட்டு ஸ்ட்ராங் ரூமுக்குப் போகிறது. எண்ணும் நாளில்தான் வெளியே வருகிறது. கணிப்பு நிறுவனத்துக்கும் மிஷினுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

உண்மையில் நடப்பது இதுதான். வாக்குச்சாவடிக்கு வெளியே ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ அடையாள அட்டையோடு நிற்பார். ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களில் தனக்குப் பிடித்தவரை நிறுத்திக் கேட்கக் கூடாது. ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள் என்று முன்பே சொல்லிவைத்த வரிசைப்படிதான் கேட்க வேண்டும். முறையாகச் செய்கிறவர்கள் வாயால் பதில் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வாக்காளர் திரும்பி நின்று குறியிட்டு, மடித்து, ஒரு பெட்டிக்குள் போடுவார். வயது, ஆணா பெண்ணா, படிப்பு, என்ன வேலை என்பவை தனித்தாளில் பதிவாகும். இப்போது பல நிறுவனங்கள் தாளுக்குப் பதில் டேப்லெட் வைத்திருக்கின்றன. மறுத்துவிட்டுப் போகிறவர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும், குறைந்தது ஆணா பெண்ணா, தோராயமாக என்ன வயது என்றாவது. மறுத்தவர்களைக் குறிக்காத கணிப்பு பாதிக் கணிப்புதான்.

இந்த முறைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வாரன் மிட்டோஃப்ஸ்கி. சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக 1967இல் கென்டக்கி மாநில ஆளுநர் தேர்தலில் இதைச் செய்துபார்த்தார். இந்தியாவிலோ எக்ஸிட் போல் என்ற பெயரில் வருவதெல்லாம் வாசலில் கேட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில நிறுவனங்கள் ஓட்டுப்பதிவுக்குப் பிறகு வீடுகளுக்குப் போய்க் கேட்கின்றன. டெல்லியில் உள்ள வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நிதி குழு வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆளையே வீட்டில் தேடிப்போய்ச் சந்திக்கிறது. அது தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வு. எக்ஸிட் போலோடு அதைக் கலக்கக் கூடாது. ஓட்டுப் போட்ட கையோடு கேட்பதும், நாலு நாள் கழித்து மாமனாரும் கணவரும் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் கேட்பதும் ஒன்றல்ல.

"ஆறு கோடிப் பேர்ல சில ஆயிரம் பேரைக் கேட்டா என்ன தெரியும்?"

2024இல் தமிழ்நாட்டு வாக்காளர் எண்ணிக்கை 6 கோடியே 23 லட்சம். அதில் சில ஆயிரம் பேரைக் கேட்டு முடிவு சொல்வதா என்ற சந்தேகம் நியாயமாகத் தோன்றும். ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் அது அல்ல. முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேர் இருந்தால், கிடைக்கும் சதவீதம் பெரும்பாலும் உண்மையிலிருந்து 3 புள்ளி கூடவோ குறையவோதான் இருக்கும். வாக்காளர் 6 கோடியாக இருந்தாலும் 60 லட்சமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மரக்காணம் உப்பளத்தில் நீரின் டிகிரி பார்ப்பவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. ஒரு பாத்தியின் அடர்த்தியை அறிய அந்தப் பாத்தி நீர் மொத்தத்தையும் அளக்க வேண்டாம், ஒரு குவளை போதும். கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி உள்ளே வருகிறது, 25 டிகிரி வாக்கில் உப்பாக இறங்குகிறது. நீர் தேக்கிய முதல் பாத்தியில் குவளையை விட்டுப் பார்த்துவிட்டு, உப்பு இறங்கும் கடைசிப் பாத்தியின் டிகிரி இதுதான் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா? எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட எங்கே கேட்டார்கள் என்பதே பெரிது.

இந்த வட்டாரத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கிளியனூர் திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கிறது. பஸ் வசதி உண்டு, நிற்க நிழல் உண்டு. கணிப்புக்கு வந்தவர் இறங்கி வேலையை முடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகலாம். கழுவெளிச் சதுப்புநிலத்தைச் சுற்றியிருக்கும் உள்ளூர்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் போவது அப்படி அல்ல. ஊர்த்தெருவுக்கு ஒரு பூத், காலனிக்கு ஒரு பூத், மீனவர் குப்பத்துக்கு ஒரு பூத் என்று பிரிந்து கிடக்கும் இடங்களில் ஒவ்வொரு பூத்தும் ஒவ்வொரு மாதிரி ஓட்டுப் போடும். ஒரே பூத்தில் 50 பேரைக் கேட்டால் 50 விதமான கருத்து கிடைக்காது. ஏறக்குறைய ஒரே தெருவின் குரல்தான் 50 முறை கேட்கும். 20 பூத்தில் 1,000 பேரைக் கேட்ட கணிப்பும் 200 பூத்தில் 1,000 பேரைக் கேட்ட கணிப்பும் தாளில் ஒரே அளவாகத் தெரியும், தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். காலனிப் பக்கம் போகாமல் சாலையோரத்திலேயே முடித்துவிட்ட கணிப்பை எத்தனை பெரிய கணினியில் போட்டுச் சரிசெய்தாலும், கேட்காமல் விட்ட குரலை அதற்குள் வரவழைக்க முடியாது.

நேரமும் ஒரு சங்கதி. தேர்தல் வழக்கமாக ஏப்ரலிலோ மே மாதத்திலோ வருகிறது. உப்பு வாரும் பருவமும் அதுதான். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க உப்பளத் தொழிலாளர் இருட்டோடு பாத்தியில் இறங்கிவிடுவார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு ஓட்டுப்பதிவு நாளில் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்க முடிந்தவர் காலையில் வருவார். கேட்க முடியாதவர் வேலை முடித்து, குளித்து, பிறகுதான் வரிசையில் நிற்பார். காலை 11 மணியோடு படிவத்தை மூடிவிட்ட கணிப்பில் அவர் இல்லை.

"சனங்க பொய் சொல்றாங்க, அதான் கணிப்பு தப்பாகுது"

கணிப்பு தவறும்போதெல்லாம் பழியை வாக்காளர் தலையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பொய்யைவிட மௌனம்தான் கணிப்பை அதிகம் சாய்க்கிறது.

2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் எக்ஸிட் போல் ஜான் கெர்ரியை உண்மையைவிட உயர்த்திக் காட்டியது. நடத்திய நிறுவனங்களே பிறகு அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. கெர்ரிக்கு ஓட்டுப் போட்டவர்கள் நின்று பதில் சொன்ன அளவுக்கு புஷ்ஷுக்குப் போட்டவர்கள் நிற்கவில்லை என்பதே அவர்கள் கண்ட முக்கியக் காரணம். கேட்டவர் இளவயதுக்காரராக இருந்த இடங்களில் பிழை கூடுதலாக இருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை.

நம்மூரில் யார் நிற்பார்கள், யார் நிற்க மாட்டார்கள்? தன் கட்சி ஜெயிக்கும் என்ற தெம்பில் இருப்பவர் நின்று பேசுவார். கூட வந்த கணவர் சற்றுத் தள்ளிக் காத்திருக்கும்போது பெண் நின்று பேச மாட்டார். மேஸ்திரி சொன்ன சின்னத்துக்குப் போடாத கூலிக்காரர் நிற்க மாட்டார். கேட்க வந்தவர் எந்த ஊர், எந்த சாதி என்று தெரியாத இடத்தில் காலனிக்காரர் "எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்று சிரித்துவிட்டு நகர்வார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பேசுவது பாதுகாப்பில்லை என்று கணித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மூடிய பெட்டியில் சீட்டுப் போடச் சொல்வதும், பெண்ணிடம் பெண்ணே கேட்பதும் இந்த மௌனத்தைக் கொஞ்சம் குறைக்கும். இரண்டுக்கும் செலவு ஆகும், பயிற்சி வேண்டும். அவசரத்துக்கு ஆள் பிடித்து, ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பும் இடத்தில் இரண்டும் நடக்காது.

"மாநிலத்துல யாருன்னு சொல்லிட்டாங்க, நம்ம தொகுதியும் அதுதான்"

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பந்தயப் பணம் அதிகம் போவது இதில்தான்.

2016 மே 16 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அன்று மாலை வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை திமுக அணிக்கே ஆட்சி என்றன. ஆக்சிஸ் மை இந்தியா 124 முதல் 140 இடம் என்றது. டுடேஸ் சாணக்யா 140ஐ ஒட்டிச் சொன்னது. சி-வோட்டர் மட்டும் அதிமுகவுக்கு 139 என்றது. மே 19இல் எண்ணியபோது, தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134, திமுக அணி 98. சி-வோட்டர்தான் கெட்டிக்காரர் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரியும். அதிமுகவுக்கு 40.8 சதவீதம், திமுக அணிக்கு 40 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. ஏறக்குறைய ஒரு சதவீத வித்தியாசம், 36 இடங்களாக விரிந்தது. 3 புள்ளி கூடவோ குறையவோ போகக்கூடிய ஒரு கருவியால் 1 புள்ளி வித்தியாசத்தை யார் பக்கம் என்று சொல்லவே முடியாது. அன்று நேர்மையான கணிப்பு என்றால், "இழுபறி, எங்களால் சொல்ல இயலவில்லை" என்று அறிவித்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் கணிப்பை வாங்க டிவி முன்வருவதில்லை.

அதே தேர்தலில் மரக்காணத்தையும் உள்ளடக்கிய திண்டிவனம் தொகுதியில் திமுக வேட்பாளர் சீத்தாபதி வென்றார். வித்தியாசம் 101 ஓட்டு. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் வாங்கிய இடத்தில் 101. பக்கத்து வானூரில் அதிமுக வென்றது. மாநிலத்தில் வென்ற கட்சி திண்டிவனத்தில் தோற்றது, திண்டிவனத்தில் வென்ற கட்சி மாநிலத்தில் தோற்றது.

2021இல் நிலைமை தலைகீழ். ஏப்ரல் 6இல் ஓட்டுப்பதிவு, மேற்கு வங்கத்தின் கடைசிக் கட்டம் முடிந்த ஏப்ரல் 29 மாலை கணிப்புகள் வெளியாயின. திமுக அணிக்குத்தான் ஆட்சி என்று எல்லாக் கணிப்புகளும் சொன்னது சரியாகவே இருந்தது. அணி 159 இடம் பெற்றது. ஆக்சிஸ் சொன்ன 175 முதல் 195 அளவுக்குப் போகவில்லை என்றாலும் திசை தப்பவில்லை. ஆனால் அந்த அலையில் திண்டிவனமும் வானூரும் அதிமுகவுக்குப் போயின. வானூரில் வித்தியாசம் 21,000க்கும் மேல். மாநிலக் கணிப்பை நம்பி இங்கே பந்தயம் கட்டியவர் இரண்டு முறையும் வானூரில் தோற்றிருப்பார், அதுவும் இரண்டாம் முறை கணிப்பு சரியாக இருந்தும்.

மாநிலம் முழுதும் சில ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் கிடைப்பது சில பத்துப் பேர். அதைக் கொண்டு அந்தத் தொகுதி யாருக்கு என்று சொன்னால் அது கணிப்பு அல்ல, ஊகம். தொகுதிவாரிப் பட்டியல் போடும் சேனலைப் பார்த்தால் அந்த நேரம் எழுந்து வேறு வேலை பார்க்கலாம்.

ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது என்பது தனிச் சிக்கல். 2024இல் திமுக அணி ஏறக்குறைய 47 சதவீத ஓட்டுக்கு 39 இடத்தையும் அள்ளியது. பாஜக அணி 18 சதவீத ஓட்டு வாங்கி ஓரிடமும் பெறவில்லை. பல எக்ஸிட் போல்கள் அந்த அணிக்குச் சில இடங்களை எழுதியிருந்தன. ஓட்டுச் சதவீதத்தை ஓரளவு சரியாகப் பிடித்தாலும் இட எண்ணிக்கையில் கோட்டைவிடுவது இப்படித்தான். எதிரணி ஒன்றாக நிற்கிறதா, இரண்டாகப் பிரிந்து நிற்கிறதா என்பதைப் பொறுத்து அதே ஓட்டு வேறு விளைச்சல் தரும். டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் மூவரும் 1980களில் இந்தியத் தேர்தல்களுக்கு வகுத்த எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு இதை அளக்க எழுந்ததுதான்.

"வெளிநாட்டுல சரியா சொல்றாங்க, நம்மூர்ல காசு வாங்கிட்டுச் சொல்றாங்க"

பிரிட்டனில் இரவு 10 மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்த நொடியில் ஒரே ஒரு எக்ஸிட் போல் வெளியாகிறது. மூன்று தொலைக்காட்சிகள் சேர்ந்து செலவு செய்கின்றன, பேராசிரியர் ஜான் கர்டிஸ் குழு கணக்கிடுகிறது. 2024 ஜூலையில் தொழிற்கட்சிக்கு 410 இடம் என்றார்கள், கிடைத்தது 411. அவர்களது சூட்சுமம், சென்ற தேர்தலில் போய் நின்ற அதே வாக்குச்சாவடிகளுக்கு முடிந்தவரை மீண்டும் போவது. அந்த வாசலில் போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்ற மாற்றத்தை மட்டுமே அளக்கிறார்கள். பேச மறுப்பவர்கள் போன முறையும் மறுத்தவர்கள்தானே, அந்தப் பிழை இரண்டு பக்கமும் இருப்பதால் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கணிப்பே புதிதாகப் பரவிய ரிஃபார்ம் கட்சிக்கு 13 இடம் என்றது, வந்தது 5. போன முறைக் கணக்கு சரியாக இல்லாத இடத்தில் அதுவும் தடுமாறியது.

இந்த முறையை அப்படியே விழுப்புரம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பாமகவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறுவனரின் தைலாபுரம் தோட்டம் இதே திண்டிவனம்–புதுச்சேரி வட்டாரத்தில்தான் இருக்கிறது. 2016இல் அக்கட்சி தனித்து நின்றது. 2019லும் 2021லும் அதிமுக அணியில், 2024இல் பாஜக அணியில். விடுதலைச் சிறுத்தைகள் 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் இருந்து, பிறகு திமுக அணிக்கு வந்தது. போன முறை இந்த வாசலில் அந்த அணிக்கு விழுந்த ஓட்டு இந்த முறை எந்த அணியின் ஓட்டு? வாக்காளர் மாறினாரா, கட்சி மாறியதா? ஒப்பிட அடித்தளமே நகர்ந்துவிடுகிறது. நம்மூர்க் கணிப்பு தவறுவதற்கு இதுவே போதும், காசு வாங்கினார்கள் என்று ஆதாரம் இல்லாமல் சொல்லத் தேவையில்லை.

அதோடு ஒரே நிறுவனம் ஒருமுறை அச்சாகச் சொல்வதும் மறுமுறை வெகுதூரம் போவதும் கண்ணெதிரே நடந்தது. 2019இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 339 முதல் 365 என்று ஆக்சிஸ் சொன்னது, கிடைத்தது அந்த வரம்புக்குள். 2024இல் 361 முதல் 401 என்றது, கிடைத்தது 293. அந்தத் தவற்றின் விலையைப் பங்குச்சந்தை இரண்டே நாளில் காட்டியது. ஜூன் 3 திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் எண்ணிக்கை வர வர 4,390 புள்ளி சரிந்தது. நடுவில் வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு நேர்ந்த இழப்பை யாரும் திருப்பித் தரவில்லை.

பணம் கொடுத்தது யார், எத்தனை பூத், எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை எவ்வளவு வரை போகலாம் என்று கணிப்போடு சேர்த்து அச்சிட வேண்டும் என்பது இந்திய பத்திரிகை கவுன்சில் 1990களிலேயே சொல்லிவைத்த நெறி. இவற்றைச் சொல்லாத கணிப்பை வெளியிடும் ஊடகம் தன் வாசகருக்குச் செய்வது துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

"ஓட்டுப்பதிவு நடக்கும்போதே வெளியிடலாம், கருத்துச் சுதந்திரம்தானே?"

1980 அமெரிக்க அதிபர் தேர்தலில் கிழக்கு நேரம் இரவு 8.15க்கே என்பிசி தொலைக்காட்சி ரீகன் வென்றார் என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவில் அப்போது மாலை 5.15. ஓட்டுச்சாவடி மூடியிராத நேரத்திலேயே கார்ட்டரும் தோல்வியை ஒப்புக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் பாதியில் வீட்டுக்குப் போனார்களா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது.

பல கட்டமாகத் தேர்தல் நடக்கும் இந்தியாவில் இந்தக் கவலை இன்னும் பெரிது. 1998இல் தேர்தல் ஆணையம் வழிகாட்டுதல் மூலம் தடைசெய்யப் பார்த்தது. சட்டம் இல்லாமல் அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிந்ததும் 1999 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. பிறகு 2009 திருத்தம் வழியாக 126ஏ பிரிவு வந்தது. முதல் கட்ட ஓட்டுப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் முடிவை எந்த வழியிலும் பரப்பக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "எந்த வழியிலும்" என்பதில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு செய்வதும் அடங்கும் என்பதை மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் யாராவது சொல்லிவைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு முடிவதால் இங்கே வாக்காளர் மனம் மாற வழியில்லை. ஆனால் எண்ணும் மேசையில் உட்காரும் முகவர் மனம் மாறலாம். தோற்றுவிட்டோம் என்று டிவி சொன்னதை நம்பி நடுச்சுற்றில் எழுந்து போகிறவர், 101 ஓட்டில் முடியும் தொகுதியில் எதை இழக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அதே 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49தான். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கே உத்தரவிட்டது.

"கேட்டா சொல்லியே ஆகணும்" – "சொன்னா கட்சிக்காரனுக்குத் தெரிஞ்சிடும்"

ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும். முதலாவதில் துளியும் உண்மை இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவு நீதிமன்ற சாட்சிக்கூண்டில் நிற்பவருக்குக்கூட இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர், டேப்லெட் வைத்திருப்பவர், அரசு ஆள் மாதிரி பேசுகிறவர் யாராக இருந்தாலும் "சொல்ல மாட்டேங்க" என்றால் அதோடு முடிந்தது. காரணம் சொல்லவும் தேவையில்லை. பெயர், கதவு எண், போன் நம்பர் கேட்டால் கண்டிப்பாகத் தர வேண்டாம். வாசலில் எடுக்கும் எக்ஸிட் போலுக்கு அவை எதுவும் வேண்டியதில்லை. விருப்பப்பட்டுச் சொன்னால் தவறும் இல்லை.

இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எக்ஸிட் போலில் இல்லை. தனி ஆளின் ஓட்டு வெளியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு பூத்திலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20 என்ற தாளில் வெளிப்படையாக வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் பார்க்கலாம். 2024இல் ஒரு பூத்துக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர், 2025இல் ஆணையம் அதை 1,200 ஆகக் குறைத்தது. கூட்டம் குறைய அது நல்ல ஏற்பாடு. ஆனால் பூத் சிறியதாகச் சிறியதாக, காலனிக்கென்று தனி பூத் உள்ள இடத்தில் அந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பது வரி வரியாகத் தெரிகிறது. "உங்க தெருவுல எங்களுக்கு ஓட்டு விழலையே, தண்ணி டேங்க் மட்டும் கேக்குறீங்க" என்ற பேச்சு பிறப்பது இங்கிருந்துதான். வாசலில் கேட்பவரிடம் உப்பளத் தொழிலாளி வாய் திறக்கத் தயங்குவதற்கும் இதுவே வேர்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு மருந்து இருந்தது. மிரட்டல் இருக்கும் என்று ஆணையம் கருதும் தொகுதிகளில் எல்லாப் பெட்டிச் சீட்டுகளையும் கலந்து எண்ணத் தேர்தல் நடத்தை விதி 59ஏ இடம் கொடுத்தது. மிஷின் வந்தபின் கலக்க வழியில்லாமல் போனது. பல பூத் மிஷின்களை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவிக்கு 2008இல் தேர்தல் ஆணையம் ஒப்புதல் கேட்டது. 2015 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. விதியைத் திருத்தும் அதிகாரம் அரசின் கையில் இருப்பதால் கருவி இன்றும் எண்ணும் மையத்துக்குள் வரவில்லை. பூத்வாரிக் கணக்கு கட்சிகளுக்கு வேண்டியிருக்கிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவழித்தோம், எவ்வளவு திரும்பியது என்று பார்க்க. அந்தக் கணக்கைக் கட்சிகளிடமிருந்து பிடுங்கினால்தான் கிளியனூர் வாக்குச்சாவடி வாசலில் நிற்பவர் கேட்கும் கேள்விக்குப் பயமில்லாத பதில் கிடைக்கும்.